ஒரே மாதிரி இரண்டு கீபோர்டுகள்

கரமனை,
12.2.2001

அன்புள்ள சுசீலாபாய்க்கு,

சௌக்கியமா? கழக்கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்த பிறகு எனக்கு ஒரு வரி எழுத உனக்குக் கை வரவில்லை. அந்தக் கை இப்போது ஆபீசில் வெகு வேகமாக டைப் அடிக்கிறதாம். எனக்குப் பிசியோதெரபி செய்ய வரும் லிபி, உன் ஊர்க்காரியாயிற்றே, பெருமையாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியில் மாதக்கணக்காகப் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவளுக்கு உன் சேதி அவள் மூலமாகத்தான் வர வேண்டியிருக்கிறது.

போன் பண்ணலாம். ஆனால் உன் குரலைக் கேட்டால் எனக்குச் சண்டை போட வராது. அதனால் சாவித்ரி மன்னியை உட்கார்த்தி எழுதச் சொல்கிறேன்.

என் கீபோர்டு சரியில்லை. உனக்கும் எனக்கும் அந்த ஊனமுற்றோர் சங்கத்தார் ஒரே மேடையில் கொடுத்ததுதான். பெரிய சாவிகள், கையை ஊன்றிக்கொள்ள மேலே துளை போட்ட தகடு, உள்ளங்கைப் பட்டையில் செருகிக்கொள்ள ஒரு குச்சி, எல்லாம் உன்னுடையது மாதிரியே. ஆனால் ஒருதரம் அழுத்தினால் எழுத்து நாலைந்தாக விழுகிறது. என் பெயரை அடித்துக் காட்டினேன். பட்டாபி அண்ணா, "என்னடி இது, கூட்ஸ் வண்டி மாதிரி போயிண்டே இருக்கு" என்று சிரிக்கிறான்.

உங்கள் ஆபீசில் இன்னும் ஒருத்தரை எடுக்கப் போகிறார்களாம், டைப்பிங் பரீட்சை உண்டாம். அதற்குள் இது சரியாக வேண்டும். நீ என்ன செய்கிறாய் என்று எழுது.

ஒன்று கேட்க வேண்டும். அன்று உனக்குக் கொடுத்த பெட்டியில் ஒட்டிய டேப்பைப் பிரிக்கவில்லை. என் பெட்டி பிரித்திருந்தது. கவனித்தாயா?

அன்புடன்,
சூடாமணி

கழக்கூட்டம்,
16.2.2001

அன்பான சூடாமணிக்கு,

கர்த்தர் கிருபையால் நலம். எழுதாதது தப்புதான். ஹாஸ்டல் அறையில் கம்ப்யூட்டர் இல்லை, ஆபீசில் எல்லாரும் போன பிறகுதான் எனக்காக ஒரு பக்கம் அடிக்க முடிகிறது.

பெட்டியை நான் கவனிக்கவில்லை. கீபோர்டுக்குச் சொல்கிறேன். கம்ப்யூட்டரில் ஒரு ஏற்பாடு உண்டு. சாவியை எவ்வளவு நேரம் அழுத்தினால் எழுத்து மறுபடி விழும் என்பதை நாமே கூட்டலாம். லிபியிடம் அதை முழுக்கக் கூட்டி வைக்கச் சொல். பிறகு மேஜையின் உயரத்தைப் பார். முழங்கை தொங்கினால் குச்சியைச் சட்டென்று தூக்க வராது. முழங்கைக்கு அடியில் தலையணை வை. தகட்டைக் கழற்றித் தூசி தட்டச் சொல். சாவி உள்ளேயே சிக்கிக்கொள்வதும் உண்டு.

இங்கே வேன் வந்து ஏற்றிக்கொள்கிறது. வாசலில் எனக்காகச் சரிவுப் பலகை போட்டிருக்கிறார்கள். மேலதிகாரி ரதீஷ் சார் நல்ல மனிதர். உன் பரீட்சைக்கு ஜெபிக்கிறேன்.

அன்புடன்,
சுசீலாபாய்

கரமனை,
24.2.2001

சுசீலாவுக்கு,

நீ சொன்ன எல்லாம் செய்தாயிற்று. தலையணை வைத்தோம், தூசி தட்டினோம், நேரத்தைக் கூட்டினோம். இரட்டிப்பது கொஞ்சம் குறைந்தது. அப்புறம் பழைய கதைதான். லிபி அழுத்திப் பார்த்துவிட்டு, "கீபோர்டுக்கு ஒரு கொழப்பமும் இல்ல சேச்சி" என்கிறாள், ஒரு கோளாறும் இல்லையாம். அவளும் பாறசாலை, நீயும் பாறசாலை. வேறென்ன சொல்வாள்?

மன்னி எழுத மாட்டேன் என்கிறாள், நான் விடவில்லை. சுசீலா, எனக்கு உன்மேல் பொறாமை. வேன் வருகிறது என்று நீ எழுதியதைப் படித்த அன்றைக்குச் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஆஸ்பத்திரியில் உனக்கு ஸ்பூன் பிடிக்க வராதபோது நான் பிடித்தேன். இங்கிலீஷில் உனக்கு மனு எழுதிக் கொடுத்தது நான். இப்போது நீ ஆபீஸ் போகிறாய், நான் மன்னி சமையலை முடித்துக்கொண்டு வந்து என்னைத் திருப்பிப் படுக்க வைக்கக் காத்திருக்கிறேன். உனக்கு நல்லது கிடைத்தது, எனக்குக் கழித்தது கிடைத்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

அதனால் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். கீபோர்டை மாற்றிக்கொள்வோம். உனக்குத்தான் வேலை உறுதியாகிவிட்டதே.

சூடாமணி

கழக்கூட்டம்,
5.3.2001

அன்பபான சூடாமணிக்கு,

வேன் டிரைவரிடம் கொடுத்தனுப்பிய என் கீபோர்டு வந்திருக்கும். உன்னுடையது வந்து சேர்ந்தது. நீ சொன்னதுது சரிதான். இது எனக்கும் இரட்டிக்கிறது. இந்தக் கடிதத்தையே பார்ர். சங்கத்தாரிடம் சொல்லி வேறு வாங்கிக்கொள்கிறேன், நீ அதைப் பற்றி விசாரப்படாதே. என்னுடையதில் நிம்மதியாகப் பழகு. பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடடன்,
சுசீலாபாய்

கரமனை,
14.3.2001

சுசீலாவுக்கு,

உன் கடிதம் வந்த அன்று எனக்கு எவ்வளவு சந்தோஷம் தெரியுமா? "பார்த்தேளா மன்னி, நான் சொன்னேனோ இல்லையோ!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் காட்டினேன். உனக்கும் இரட்டிக்கிறது என்பதில் எனக்கு அத்தனை திருப்தி. அப்படிப்பட்டவள் நான்.

பிறகு உன் கீபோர்டில் உட்கார்ந்தேன். முதல் எழுத்திலேயே கூட்ஸ் வண்டி கிளம்பிவிட்டது.

லிபி வந்தாள். உன் கடிதத்தைக் காட்டி, "இதுவும் கெட்டுப்போச்சுடி, ரெண்டுமே கழிச்சது" என்றேன். அவள் காகிதத்தை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தாள்.

"சேச்சி, மெஷின் கெட்டா பேரும் ஊரும் பாக்காம எங்கயும் இரட்டிக்கும். இது அங்கங்க ஒண்ணுன்னு அளந்து வெச்சதாக்கும். நேத்திக்கு நான் அவங்க ஆபீஸ்ல போயிருந்தேன். உங்க கீபோர்டுலதான் அடிச்சுட்டிருந்தாங்க. ஒரு தப்பும் இல்ல."

"அப்போ எனக்கு ஏன்டி இப்படி?"

அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள். "தூக்குங்க" என்றாள். தூக்கினேன் என்றுதான் நினைத்தேன். கை அவள் உள்ளங்கையிலேயே கிடந்தது. அழுத்த முடிகிறது சுசீலா, எடுக்கத்தான் முடியவில்லை. அதனால்தான் எழுத்து நிற்காமல் ஓடுகிறது. உனக்கு பஸ் விபத்தில் கழுத்தில் அடிபட்டதோடு நின்றது. என் தசை இன்னும் தேய்ந்துகொண்டே இருக்கிறது. இது எனக்குத் தெரியாதா? தெரியும். கீபோர்டுமேல் பழி போட்டால் தெரியாத மாதிரி இருக்கலாம்.

உனக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்துதான் உன்னுடையதைக் கொடுத்தாய், பொய்யும் அடித்தாய். மன்னி எழுதுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் துடைத்துக்கொள்கிறாள். "எழுதுங்கோ" என்று அதட்டினேன்.

உன்மேல் நான் பொறாமைப்பட்டபோது நாம் இருவரும் ஒரே உயரத்தில் இருந்தோம். நீ எனக்காகத் தப்புத் தப்பாக அடித்தாயே, அன்றைக்கு என்னைக் கீழே இறக்கிவிட்டாய். வீட்டில் எல்லாரும் என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறார்கள். நீயுமா?

பரீட்சைக்கு நான் வரவில்லை. எழுதுவதானால் எனக்கு வயிறு எரிகிற மாதிரி எழுது. இல்லாவிட்டால் எழுதவே வேண்டாம்.

சூடாமணி

கழக்கூட்டம்,
21.3.2001

சூடாமணி,

மன்னிப்புக் கேட்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். அதையும் நீ பரிதாபம் என்பாய். அதனால் கேட்கவில்லை.

வயிறு எரிய வேண்டும் என்றாய், எழுதுகிறேன். எங்கள் பிரிவில் என்னைவிட வேகமாக அடிக்கிறவர்கள் இரண்டே பேர்தான், அவர்களுக்கு நல்ல கைகள். போன வாரம் எல்லாரும் சங்குமுகம் கடற்கரைக்குப் போனோம். என் நாற்காலியை மணலில் நாலு பேர் தூக்கிக்கொண்டு போனார்கள். அலை பாதத்தில் பட்டது. பாதத்தில் உணர்ச்சி இல்லை, ஆனாலும் கண்ணால் பார்த்தேன். கேன்டீனில் என் மேஜைக்கு ஆள் வந்து உட்காருகிறார்கள். சம்பளத்தில் அம்மாவுக்குக் கண்ணாடி மாற்றிக் கொடுத்தேன். எரிகிறதா?

இனி எரிவது என் முறை. நேற்று ரதீஷ் சார் கூப்பிட்டு, நாங்கள் அடிப்பதில் பிழை மலிந்துவிட்டது, திரையில் படித்துப் பிழை சொல்ல ஒரு ஆள் வேண்டும், பக்கத்தில் இருக்கிறவர் திருத்திக்கொள்வார் என்றார். இங்கிலீஷ் நன்றாகத் தெரிய வேண்டுமாம். கை வேண்டாம். எனக்கு உடனே உன் நினைவு வந்தது. உடனே சொல்லிவிட்டேன் என்று நினைக்காதே. சாயங்காலம் வரை வாயைத் திறக்கவில்லை. நீ வந்தால் நான் அடிப்பதை நீ படிப்பாய், நான் செய்த தப்பை எல்லாருக்கும் கேட்க உரக்கச் சொல்வாய். உன் குரல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நினைக்கவே பற்றிக்கொண்டு வந்தது. வேன் வரப்போகும் நேரத்தில்தான் போய்ச் சொன்னேன்.

திங்கட்கிழமை காலையில் உன்னைப் பார்க்க வேண்டும் என்கிறார். எடுப்பாரோ மாட்டாரோ, தெரியாது. நீ வராமல் இருந்தால் நல்லது என்று எனக்குள் ஒருத்தி சொல்லிக்கொண்டே இருக்கிறாள். அதையும் மறைக்காமல் இதில் அடித்துவிட்டேன்.

சுசீலாபாய்

கரமனை,
23.3.2001

சுசீலா,

உன் கடிதத்தில் இரண்டு இடத்தில் பிழை. நேரில் சொல்கிறேன்.

திங்கட்கிழமை நீ எந்தப் புடவை கட்டுவாய் என்று இதைக் கொண்டு வரும் லிபியிடமே சொல்லி அனுப்பு. அதைவிட நல்லதாக எடுத்து வைக்க மன்னிக்கு நேரம் வேண்டும்.

சூடாமணி