உறை பிரிக்காத தட்டு

காஜா பெராங், மலாக்கா
14-9-1958

அன்பு மகன் கருணாகரனுக்கு அம்மா எழுதுவது. அப்பாவும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் அங்கே அப்படியே இருக்க மாரியம்மனை வேண்டிக்கொள்கிறேன். உடம்பைப் பற்றி மட்டும்தான் இப்படி எழுத முடிகிறது, மனசைப் பற்றிக் கேட்காதே.

உன் கடிதம் எது வந்தாலும் கடைசியில் ஒரு வரி இருக்கும், நம் வீட்டு ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இப்போது யார் என்ன கிராமபோன் தட்டு கேட்கிறார்கள் என்று. நானும் அடுப்படியில் நின்று காதில் விழுந்ததையெல்லாம் எழுதுவேன், ஏகாம்பரம் மாமா சிங்கப்பூரிலிருந்து வரவழைத்த தோடி நாதஸ்வரத்தை விட்டு இன்னும் வெளியே வரவில்லை, ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் நல்லையா மாமா யாரோ கொடுத்தார்கள் என்று கெரொஞ்சோங் என்கிற மலாய்ப் பாட்டுத் தட்டைக் கொண்டுவந்து எல்லாரிடமும் வாங்கிக் கட்டிக்கொண்டார், அப்பாவுக்கு எப்போதும் அந்த வீணைதான் என்று. போன வாரம் வந்த கடிதத்திலும் கேட்டிருக்கிறாய், தட்டு கிடைத்ததா, எல்லாரும் இப்போது என்ன கேட்கிறார்கள் என்று. அப்படி எழுத உனக்கு எப்படிக் கை வந்தது? யாரும் எதுவும் கேட்கவில்லை கருணா. இன்றும் ஞாயிற்றுக்கிழமைதான், கிராமபோன் பெட்டி மூடியபடி இருக்கிறது, அதன்மேல் உன் அப்பா பழைய பேப்பர்களை அடுக்கி வைத்திருக்கிறார்.

நடந்ததை நீ தெரிந்துகொள்ள வேண்டும், அதனால் எழுதுகிறேன். தட்டு ஒன்று அனுப்பியிருக்கிறேன் என்று மட்டும்தான் நீ எழுதினாய், அதில் இருப்பது பாட்டா பேச்சா என்று ஒரு வார்த்தை இல்லை. நாங்கள் வெள்ளைக்காரன் வயலின் என்று நினைத்தோம். மகன் லண்டனிலிருந்து தட்டு அனுப்பியிருக்கிறான் என்று அப்பா ஆபீஸிலும் கோவிலிலும் தம்பட்டம் அடித்தாகிவிட்டது. கப்பல் தபாலில் அது ஒரு சனிக்கிழமை வந்து சேர்ந்தது, அன்றே பிரித்துக் கேட்கலாம் என்று நான் கெஞ்சினேன். முடியாது என்றார். புதுத் தட்டு யார் வீட்டுக்கு வந்தாலும் உறை பிரிக்காமல் ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து எல்லாரும் சேர்ந்துதான் முதலில் கேட்க வேண்டும், அதுதானே அவர்கள் சட்டம். என் வீட்டுக்குன்னு தனிச் சட்டமா, சாயங்காலம் எடுத்துத் திருட்டுத்தனமா கேக்கிற ஆளா நான் என்று என்மேல் எரிந்து விழுந்தார். இந்தச் சட்டத்தோடுதான் நீ வளர்ந்தாய். சின்ன வயதில் உறையைக் கிழிக்கப் போய் அப்பாவிடம் அடி வாங்கி அழுதது உனக்கு மறந்திருக்காது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வந்திருந்தார்கள். ஏகாம்பரம் மாமா தன் மகள் பத்மினியையும் கூட்டிக்கொண்டு வந்தார், நீ திரும்பி வந்ததும் தையில் கல்யாணம் என்று பேசி வைத்த பெண், அத்தை என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டு என்னோடு அடுப்படியில் கோப்பி கலக்கினாள். அப்பா உறையைப் பிரித்து, சாவி கொடுத்து, ஊசியை வைத்தார். கீச்கீச்சென்று அணில் கத்துகிற மாதிரி ஒரு சத்தம். நல்லையா மாமா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார், லண்டன்ல இப்படித்தான் பாடுவாங்களா என்று கேட்டார். ஏகாம்பரம் மாமாதான், சிரிக்காதீங்கய்யா, நம்ம பெட்டியில இது ஸ்பீடு அதிகமா ஓடுது, நம்ம கருணா குரல் மாதிரி இருக்கு, பேசிப் பதிஞ்சு அனுப்பியிருக்கான் என்று சொல்லி எழுந்து போய் ஒரு விரலைத் தட்டின் ஓரத்தில் மெல்ல வைத்து ஓட்டத்தைக் குறைத்தார். அப்பா, அம்மா, சௌக்கியமா என்று உன் குரல் அப்படியே கேட்டது. நான் ஈரக் கையோடு ஓடி வந்தேன், பத்மினியும் என் பின்னாலேயே வந்து கதவோரம் நின்றாள். அந்த ஒரு நொடி எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உனக்குச் சொன்னால் புரியாது.

அப்புறம்தான் நீ சொன்னாய். இங்கேயே ஒரு பொண்ணை ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கிட்டேன் என்று, அவள் பெயரையும் சொல்லி, பத்மினிக்கிட்ட பக்குவமா எடுத்துச் சொல்லிடுங்கம்மா என்று. பக்குவமாக! பெண்ணைப் பெற்றவர் தன் விரலை வைத்து அதை ஊருக்கே புரிகிற மாதிரி ஓட்டிக்கொண்டிருந்தார் கருணா. ஒருவர் தட்டு ஓடும்போது நடுவில் ஊசியைத் தூக்கக் கூடாது என்று அதற்கும் ஒரு சட்டம் வைத்திருக்கிறார்களே, யாரும் தூக்கவில்லை. அவர் விரலை எடுக்கவுமில்லை, அந்தப் பெண் பெயர் வந்த இடத்தில் மட்டும் விரல் நடுங்கி உன் குரல் குழறியது, பெயர் எங்களுக்கு விளங்கவில்லை. முடிந்ததும் தட்டை எடுத்து உறையில் போட்டு அப்பா கையில் கொடுத்தார். தட்டு கேட்டால் ஆளுக்கு ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் இல்லையா, குரல் சுத்தமா விழுந்திருக்கு என்றார். வாம்மா என்று பத்மினியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் கலக்கிய கோப்பி அப்படியே ஆறிக் கிடந்தது.

மறுநாள் அவரே வந்து நம் அலமாரியில் இருந்த தன் நாதஸ்வரத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். அப்பாவே எடுத்துக் கொடுத்தார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லையா மாமா மட்டும் எப்போதாவது வந்து, நாட்டுக்கு மெர்டேக்கா சுதந்திரம் வந்த பிறகு யாருக்கு என்ன வேலை கிடைத்தது என்று ஊர்க்கதை பேசிவிட்டுப் போகிறார், தட்டு என்ற பேச்சே எடுப்பதில்லை. அப்பாவுக்கு உன்மேல் இருக்கிற கோபத்தைவிட, சனிக்கிழமையே பிரிக்க விடாத தன் சட்டத்தின்மேல்தான் கோபம் அதிகம், அதை வெளியே சொல்ல மாட்டார்.

எனக்கு உன்னிடமிருந்து ஒன்றுதான் தெரிய வேண்டும். அந்தத் தட்டு எல்லார் முன்னாலும்தான் ஓடும் என்பதை மறந்து அனுப்பினாயா, அல்லது அப்பா சத்தம் போட முடியாத இடம் அதுதான் என்று தெரிந்தே அனுப்பினாயா? மறந்திருந்தால் திட்டிவிட்டு விட்டுவிடுவேன். தெரிந்தே செய்திருந்தால் நீ நான் பெற்ற பிள்ளை இல்லை. பதிலைக் காகிதத்தில் எழுது, தட்டில் வேண்டாம். ஏகாம்பரம் மாமாவுக்கும் உன் கைப்பட எழுது, அவர் கிழித்துப் போட்டாலும் பரவாயில்லை.

அப்பா வேலைக்குப் போன பிறகு நான் அந்தத் தட்டைப் போட்டுக் கேட்கிறேன். விரல் வைக்கிற பக்குவம் எனக்கு வரவில்லை, ஒரு சமயம் கீச்சென்கிறாய், ஒரு சமயம் முனகுகிறாய். ஒரு நாள் பக்கத்து வீட்டு மலாக்காச் செட்டிப் பெண்பிள்ளை, தலைமுறையாக மலாய் பேசுகிறவளுக்குத் தமிழ் எங்கே தெரியும், உன் குரலைக் கேட்டுவிட்டு வேலியோரம் நின்று அனாக் சுடா பாலிக்கா என்று கேட்டாள், மகன் வந்துவிட்டானா என்று. பெலும், இன்னும் இல்லை என்றேன்.

குளிரில் கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. பரீட்சையைக் கோட்டை விடாதே. என் ஆசீர்வாதம் உனக்கு உண்டு, அந்தப் பெண்ணுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன், அவள் என்ன செய்தாள். பெயரைச் சொல்லி ஆசீர்வதிக்க வேண்டும் என்றுதான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், நம் இரும்பு ஊசி கீறிக் கீறி இப்போது அந்த இடத்தில் வெறும் கரகரப்புத்தான் கேட்கிறது. அவள் பெயரை எழுதி அனுப்பு.

இப்படிக்கு
உன்னைப் பெற்ற
சாரதாம்பாள்