கீரிமலை பற்றிய விபரம்

வெள்ளவத்தை, ஆடி 1997

தம்பி,

கொம்மா செத்தபோது லீவு இல்லை என்றாய். இப்போது ரெலிபோன் எடுத்து, கனடாச் சங்க மலருக்குக் கீரிமலையின் வரலாறும் பார்க்க வேண்டிய இடங்களும் எழுதித் தரட்டாம்.

எழுதிக்கொள். சோழ இளவரசி ஒருத்தி குளித்து நோய் தீர்ந்ததாகச் சொல்லும் கேணி. கடலோடு ஒட்டிய நன்னீர் ஊற்று. இப்போது ஆமிக்காரன் மட்டும் குளிக்கிறான்.

தன்ரை சாம்பலை அங்கேதான் கரைக்க வேணும் என்று கொம்மா கேட்டிருந்தாள். சாம்பல் முட்டியை என்ரை புடைவைக் கடையில் சீத்தைத் துணிக் கட்டுகளுக்கு மேல் வைத்துவிட்டு, ஊருக்குப் போக ஆமி தரும் பாஸுக்கு எட்டு மாதம் அலைந்தேன். கடைசியில் அதிகாரி, "இங்கேயும் கடல்தானே, முதலாளி" என்று சிரித்தான்.

நேற்று, வீட்டுக்குப் பின்னால் தண்டவாளம் தாண்டிப் போய் இந்தக் கடலிலேயே கரைத்தேன். "கிரியைக்கு மகன் வரேல்லையோ?" என்று ஐயர் கேட்டார்.

எனக்குப் பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டேன்.

அப்பா