கலந்து பார்க்காத ரத்தம்

மார்ச் 5, 1962
லிங்கராஜபுரம் பஸ்ஸில் கண்டக்டரோடு கைகலப்பு. சட்டையில் இரண்டு பொத்தான் போச்சு. ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் சோதிக்கிறவனுக்கு இவ்வளவு கோபம் ஆகாது. தெரிகிறது, அடங்க மாட்டேன் என்கிறது.

மார்ச் 9
சரளா, வயது இருபத்திரண்டு. இவள் வயிற்றைப் புருஷன் கத்தியால் கிழித்திருக்கிறான். அண்ணன் முனிராஜ் தோளில் தூக்கி வந்தான். சோதித்தேன், ஓ குரூப். சர்ஜன் "பேக, பேக!" என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி விரட்டினார். "என்னய்யா ஜெயவேலு, அவ செத்தப்புறமா பாட்டில் குடுப்பே?"

எனக்கும் கோபம் ஏறிவிட்டது. பாட்டில் ரத்தத்தையும் அவள் ரத்தத்தையும் கலந்து பார்க்க அரை மணி வேண்டும். பார்க்கவில்லை. சீட்டில் 'பொருந்தும்' என்று எழுதி, பாட்டிலை அவர் கையில் திணித்தேன்.

மார்ச் 10
செத்துப்போனாள். குளிர் நடுக்கம், மூத்திரம் கறுப்பாக. எல்லோரும் கத்திக்குத்து என்கிறார்கள். மிச்சமிருந்த அவள் ரத்தத்தை இன்று கலந்து பார்த்தேன் — திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாக. வேறு ஐந்து ஓ பாட்டிலிலும் அதேதான். ஓ-வுக்கு ஓ ஆகாதா? அதெப்படி?

மார்ச் 13
எங்கள் லேபின் மௌரீன் டாக்டரிடம் சும்மா கேட்பது போலக் கேட்டேன். சிவப்பணுவின் மேல் ஒருவகைச் சர்க்கரை ஒட்டியிருக்கிறதாம். ஏ, பி எல்லாம் அந்தச் சர்க்கரையின் வித்தியாசம்தான். ஓ-விலும் அடியில் ஒன்று உண்டு. அதுகூட இல்லாத சிலரைப் பத்து வருஷம் முன்பு பம்பாயில் கண்டுபிடித்தார்கள். நம் சோதனையில் ஓ என்றே காட்டும். ஓ ரத்தம் ஏற்றினால் உடம்பு அதை எதிரியென்று நொறுக்கிவிடும். கூடப்பிறந்தவர்களுக்கும் இருக்கலாமாம்.

சரளா பேரைச் சொல்லவில்லை. கோழை நான்.

மார்ச் 14
அவளைக் கொன்றது கத்தி இல்லை. என் கையெழுத்து.

மார்ச் 30
சரளாவின் மைத்துனன்கள் முனிராஜை வயிற்றில் குத்திவிட்டார்கள். சோதனையில் ஓ. அவசரம் என்று சர்ஜனே ஒரு ஓ பாட்டிலை எடுத்துப்போய்விட்டார். ஓடினேன். ஊசி ஏறும் முன் பாட்டிலைப் பிடுங்கித் தரையில் அடித்தேன். சுவரெல்லாம் ரத்தம், கண்ணாடி. சர்ஜன் அறைந்தார். வார்டு ஆட்கள் கையை முறுக்கினார்கள்.

"ஓ ஏத்துனா சாவான்! சரளாவ நான் அப்படித்தான் சாவடிச்சேன்!"

வார்டு முழுக்கக் கேட்டது. மௌரீன் டாக்டர் கலந்து பார்த்தார், கட்டி. முனிராஜுக்கும் சரளாவுக்கும் அக்கா சந்திரம்மாவின் ரத்தம் மட்டும் கட்டியாகவில்லை. ஒரு கையால் தலையில் அடித்துக்கொண்டே மறு கையை நீட்டினாள். "எடுடா பாவி."

ஏப்ரல் 2
முனிராஜ் பிழைத்துக்கொண்டான். எனக்கு மூன்று மாதம் சஸ்பெண்ட். இவ்வளவுதானா?

ஏப்ரல் 29
காக்ஸ் டவுனில் என் வீட்டுக்கே முனிராஜ் வந்தான்.

"ஏன்டா சொன்னே? வாய மூடிக்கினு இருந்தா யாருக்குத் தெரியும்?"

"நீ செத்திருப்பே."

அடித்தான். முன்பல் ஒன்று போச்சு. நான் கை ஓங்கவில்லை. தையல் பிரிந்துவிடுமோ என்று அவன் வயிற்றையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 9
மறுபடி வேலை. லாரி மோதிய ஆள் ஒருவன். சர்ஜன் வழக்கம்போலக் கத்தினார்.

"கலந்து பார்க்க அரை மணி ஆகும், சார்" என்றேன்.

அரை மணி ஆனது.