வட்டத்தில் வைத்த பொட்டு

இன்று காலையிலிருந்து என் விரலில் பெயிண்ட் கரைக்கிற டர்பன்டைன் வாடையும் சந்தன வாசமும் சேர்ந்தே அடிக்கின்றன. சோப்பு போட்டும் போகவில்லை. நீ இருந்தால் மோந்து பார்த்துவிட்டுச் சிரித்திருப்பாய்.

உன் படங்களை நாளை கண்காட்சியாக வைக்கிறார்கள். நீ எனக்குக் கொடுத்த கருநீல ஓவியத்தையும் கேட்டிருந்தார்கள். எடுத்துப்போக உன் மனைவி மத்தியானம் வருவதாகச் சொன்னார். அதற்குள் துடைத்து வைக்கலாம் என்று பஞ்சும் டர்பன்டைனுமாக உட்கார்ந்தேன். துடைக்க வேண்டியிருந்தது தூசி அல்ல, பொட்டு.

மண்ணூர்பேட்டைப் பட்டறையில் நாளெல்லாம் இரும்பு பீரோக்களுக்குப் பெயிண்ட் அடித்துவிட்டு வந்து, நம் பருத்திப்பட்டு அடுக்ககத்து மொட்டைமாடியில் அதை வரைந்தாய். முழுக்கக் கருநீலம். நடுவில் மட்டும் பெயிண்டே படாத ஒரு வட்டம், வெறும் துணி. உங்கள் கோயில் ஃபாதர் வந்து கேட்டபோது, "நற்கருணை அப்பம், ஃபாதர்" என்றாய். அடுக்ககச் செயலாளரிடம், "ஏரில நெலா, சார்." என் மனைவியிடம், "வெளக்கு, தங்கச்சி." மூவரும் திருப்தியாகப் போனார்கள். எனக்கு மட்டும், "இன்னான்னு எனக்கே தெரில மாமே. தள்ளி நின்னு பாரு" என்றாய். தள்ளித் தள்ளி நின்று தண்ணீர்த் தொட்டியில் முதுகு இடித்ததுதான் மிச்சம்.

விடுவேனா? இந்தக் காலத்து ஓவியர்களைப் பற்றித் தேடிப் படித்தேன். புள்ளி என்றால் படைப்பின் தொடக்கம், கீழ் நோக்கிய முக்கோணம் என்றால் சக்தி என்று உன்னிடம் வந்து ஒப்பித்தேன். தூரிகையைக் கழுவிக்கொண்டே கேட்டாய்: "என்னுதுல ஒண்ணுமே இல்லாம கீதே, அதுக்கு இன்னா போட்டுகீறான்?"

நீ இறந்துபோன பிறகு என் மனைவி அந்தப் படத்தைப் பூஜை அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டினாள். வெள்ளிக்கிழமைதோறும் சாமி படங்களைத் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைக்கும்போது, உன் வட்டத்துக்கு நடுவிலும் ஒன்று வைத்தாள். கண்ணாடி கிடையாது, துணியிலேயே. ஓவியத்தைப் போய் சாமியாக்கிவிட்டாளே என்று எனக்குள் எரிச்சல்தான்.

இன்று பஞ்சை நனைத்துக்கொண்டே கேட்டுவிட்டேன். "இதை எந்த சாமின்னு நெனச்சு பொட்டு வெச்ச?"

"சாமியா?" என்று என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். "அண்ணன் போட்டோ நம்மகிட்ட ஒண்ணுகூட இல்லையே. அதான் இதுல வெச்சேன்."

இத்தனை நாளும் அவள் பொட்டு வைத்தது உனக்கா? உன்னை நினைத்து அழ முடியாமல் நான் அலைந்தபோது, அவள் வாராவாரம் உன் நெற்றியைத் தொட்டுக்கொண்டிருந்தாளா? லேசாகத் துடைத்துப் பார்த்தேன். சந்தனம் வந்தது, குங்குமத்தின் சிவப்பு மட்டும் துணிக்குள் இறங்கிவிட்டிருந்தது. உன் படத்தைக் கெடுத்துவிட்டோமோ என்று பயமாகவும் இருந்தது.

உன் மனைவி வந்தார். விஷயத்தைச் சொன்னோம். அந்தச் சிவப்பை விரலால் தொட்டார், பிறகு சிலுவை போட்டுக்கொண்டார். "இருக்கட்டும்ண்ணே. இப்டியே எடுத்துனு போறேன்" என்றார். அவர் தொட்டது கடவுளையா, உன்னையா?

சுவர் இப்போது காலியாக இருக்கிறது. நாளை கண்காட்சி நடக்கிற ஹாலுக்குப் போவேன். நீ சொன்ன மாதிரி தள்ளி நின்றுதான் பார்ப்பேன். எல்லோரும் ஷூவோடு நிற்கிற இடத்தில் நான் மட்டும் செருப்பைக் கழற்றிவிடுவேன் என்று தோன்றுகிறது. யாருக்காக என்று மட்டும் கேட்காதே, மாமே. எனக்கே தெரியவில்லை.