கொலினிடம் சொன்ன பொய்

16.7.1994, சனி. லுசேர்ண், சுவிஸ்.

இன்று மத்தியானம் கொலின் எங்கள் ஹோட்டல் குசினிக்குள் வந்துவிட்டான். லண்டனில் நாங்கள் மூன்று பேர் ஐந்தே மாதம் நடத்திய புளூஸ் இசைக்குழுவில் கிட்டார் அடித்தவன். அவனும் மற்றவனும் இப்போது உலகப் பிரபலம். நான் இங்கே கோப்பை கழுவுகிறேன்.

சாப்பாட்டுக்கு நன்றி சொல்ல வந்தவன் என் ஈரக்கையைப் பிடித்துக்கொண்டான். "நீதானே எங்களுக்கு மவுத் ஓர்கன் வாசித்தவன்? லண்டனில்?"

அகதி விசாரணையில் கொழும்பிலிருந்து நேரே வந்ததாகச் சொல்லியிருக்கிறேன். லண்டன் கதை தெரிந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். பக்கத்தில் சமையற்காரர் சிவா அண்ணை.

"நீ லண்டனிலை இருந்தனியோ?"

"இல்லை அண்ணை. வெள்ளைக்காரருக்கு எங்கடை ஆக்கள் எல்லாரும் ஒரே முகந்தானே."

கொலினிடம் ஆங்கிலத்தில், ஆள் மாறிவிட்டது என்றேன். அவன் முகம் சிவந்தது. கையை விட்டான்.

"மன்னியுங்கள். அவன் உங்கள் நாட்டுச் சண்டையில் செத்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். ஒரு நிமிஷம், உயிரோடு இருக்கிறான் என்று நினைத்துவிட்டேன்."

போய்விட்டான்.

"பாவமடா, அழுதுகொண்டெல்லோ போறான்," என்றார் அண்ணை.

நான் தண்ணீர்க் குழாயை இன்னும் பெரிதாகத் திறந்துவிட்டேன்.