கேம் பெட்டியில் இருந்த குரல்

போடிமெட்டு, ஏலக்காய் ஸ்டோர்

மருமகள் பானுப்பிரியாவுக்கு அத்தை கருத்தம்மா எழுதுவது. நான் சுகம், முழங்கால் வலியும் தேவலை. நீங்கள் இருவரும் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? போனில் பேசினால் பேரன் கார்த்தி பக்கத்தில் இருப்பான், அதனால் எழுதுகிறேன்.

கேம் பெட்டியில் அப்டேட் வந்து அப்பா குரல் போய்விட்டதென்று பிள்ளை அழுதான். ஆடும்போது பேசுவதைச் சேர்த்துவைக்கும் வசதியைக் கம்பெனிக்காரன் எடுத்துவிட்டானாம். பொம்மைக்குப் புதுச் சட்டை மாட்டும் வசதியைக் கொடுத்திருக்கிறானாம். என் மகன் முத்துப்பாண்டி சாகும் முன் பிள்ளையோடு ஆடும்போது, "வெரசா ஓடுடா அப்பு" என்று அவன் கத்தியது அதில் மட்டும்தானே இருந்தது!

அந்தப் பெட்டியைப் பற்றி, காய் உலர்த்தும் இந்த ஸ்டோர் முழுக்கப் பெருமை பேசியவள் நான். நேற்று ஜீப்பு ஓட்டும் ஜக்கையன் கேட்டான்: "ஆத்தா, நீ சொன்ன பெட்டியவே மகனுக்கு வாங்கிரவா?"

"வேணாம்ப்பா. ஏலத்துல வித்த மூட்டையில இருந்து, தோட்டக்காரனே பெறகு வந்து காயை அள்ளிட்டுப் போனா, அந்தத் தோட்டத்துப் பேரை எவன் நம்புவான்?" என்றேன். சிரித்துக்கொண்டே போனான்.

கார்த்தி கோபத்தில் சொன்னாலும் பெட்டியை விற்காதே தாயி. ஜீப்பில் தைலம் கொடுத்துவிடு. முத்துப்பாண்டியின் பழைய சட்டை ஒன்றும் வை, இங்கே குளிர்.

அப்பா குரல் அப்பத்தாவுக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, வந்து பேசிக் காட்டுவாள் என்று பிள்ளையிடம் சொல். எனக்கும் மறந்துகொண்டு வருகிறது. அதைச் சொல்லாதே.

ஜீப்பு கிளம்புகிறது.

கருத்தம்மா