ஒரு கிலோ கூடுதல்

என் கோபக்காரிக்கு,

நீ உன் தங்கை வீட்டுக்குப் போய் இருபது நாள் ஆகிறது. நேற்று நம் நாய் குண்டனை டாக்டரிடம் கூட்டிப்போய் எடை போட்டேன். ஒரு கிலோ கூடியிருக்கிறான்.

"வீட்டுல யாரு சார் இவனுக்குக் கண்டதையும் போடறது?" என்றார்.

பழக்கதோஷத்தில், "என் மனைவிதான்" என்றேன். சொன்ன பிறகுதான் நீ வீட்டில் இல்லாதது உறைத்தது.

மேசைக்கடியில் தினமும் பிஸ்கட் நீட்டியது நான்தான். பழியை உன்மேல் போட்டு, நீ கிளம்பிப் போன அன்றைக்கு அவ்வளவு கத்தவும் கத்தினேன். எல்லாம் தெரிந்த குண்டன் வாயே திறக்கவில்லை.

இனி அளந்த சாப்பாடு, இரண்டு வேளை நடை. ஆனால் பஸ் நிறுத்தம் வந்தால் உட்கார்ந்துவிடுகிறான்.

எந்தப் பஸ்ஸில் வருகிறாய் என்று எழுது. ஒவ்வொரு பஸ்ஸுக்கும் இரண்டு பேரும் எழுந்து நிற்கிறோம்.

குண்டனின் கூட்டாளி